அறிவு நின்ற இடம்: காப்பார் கடற்கரையும் கோலாலம்பூர் மனநோய் இல்லமும்

இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் சிலாங்கூர் மருத்துவர்களை இரண்டு நோய்கள் அலைக்கழித்தன. கிள்ளானிலும் அதற்கு வடக்கே காப்பார் வரை நீண்ட கடலோரத் தோட்டங்களிலும் மலேரியா தொழிலாளர்களைக் கொன்றது. கோலாலம்பூரின் சிறையிலும் மனநோய் இல்லத்திலும், ஈயச் சுரங்கங்களின் கூலிக் கொட்டகைகளிலும் கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் தளர்ந்து மாளச் செய்யும் பெரிபெரி பரவியது. இவ்விரண்டும் அடக்கப்பட்ட வரலாறு காலனிய மருத்துவத்தின் வெற்றியாகப் பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. அதே வரலாற்றை, மருத்துவரின் அறிவு எங்கே நின்றது, ஏன் நின்றது என்ற கேள்வியோடு படித்தால், தத்துவவாதிகள் இன்றும் வாதிடும் இரண்டு சிக்கல்கள் அதனுள் கிடப்பது தெரியவரும். ஒரே சான்று பல காரணங்களுக்கு இடங்கொடுப்பது ஒன்று. வெளியிலிருந்து அளக்கப்படும் உடலுக்குள் நிகழும் அனுபவம் எந்த அளவுகோலிலும் சிக்காமல் போவது மற்றொன்று.

காப்பார் வட்டாரம் கடல்மட்டத்தை ஒட்டிய தாழ்ந்த சமவெளி. சதுப்புக் காடுகளை வெட்டி, வாய்க்கால் தோண்டி, 1890களில் லைபீரியக் காப்பியும் அதன்பின் ரப்பரும் பயிரிடப்பட்டபோது, அந்த வேலையில் பெரும்பகுதியைத் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்களே செய்தனர். லயங்களில் குடியேறிய சில மாதங்களிலேயே குளிர்காய்ச்சல் கண்டு மாண்டவர்கள் பலர். அதுவரை வழங்கிவந்த விளக்கம், புதிதாகக் கிளறப்படும் மண்ணிலிருந்து எழும் நச்சுக்காற்றே காய்ச்சலைத் தருகிறது என்பது. 1897-இல் செகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ், அனோபிலஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டறிந்தபின் அந்த விளக்கம் சரிந்தது. 1901-இல் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன் புதிய கொள்கையை நம்பியவர். அவ்வாண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில், இன்றைய போர்ட் கிள்ளானில், காய்ச்சல் தலைவிரித்தாடியது. துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று அதிகாரிகள் யோசிக்கும் நிலை வந்தது. வாட்சனின் பரிந்துரைப்படி ஊரைச் சுற்றியிருந்த சதுப்புகள் வடிக்கப்பட்டன, புதர்கள் வெட்டப்பட்டன. கிள்ளானிலும் துறைமுகத்திலும் சேர்த்து 1901-இல் 368 ஆக இருந்த காய்ச்சல் மரணங்கள் 1902-இல் 59 ஆகவும், 1903-இல் 46 ஆகவும் இறங்கின. காப்பார் சாலையோரத் தோட்டங்களிலும், காடு பின்வாங்கி வாய்க்கால்கள் நீண்ட இடங்களிலெல்லாம் காய்ச்சல் தணிந்தது.

இத்தனை தெளிவான வெற்றிக்குப் பிறகு, காட்டை வெட்டு, நீரை வடி, மலேரியா போய்விடும் என்ற முடிவுக்கு வருவதில் தவறென்ன இருக்க முடியும்? ஆனால் கரையோரச் சமவெளியைத் தாண்டி நிலம் குன்றுகளாக உயரும் உட்பகுதிகளில் அதே முறையைக் கையாண்டபோது, காய்ச்சல் குறையாமல் நின்றதோடு, பல தோட்டங்களில் முன்பைவிடக் கூடியது. ஒரு தோட்டத்தில் காய்ச்சல் எவ்வளவு என்பதை அறிய, அங்குள்ள குழந்தைகளில் மண்ணீரல் வீங்கியவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்று கணக்கிடும் வழக்கம் அக்கால மருத்துவத்தில் உண்டு. மண்ணீரல் விகிதம் எனப்படும் இந்தக் கணக்கைத் தோட்டந்தோட்டமாக எடுத்துச்சென்ற வாட்சன், சமவெளிக்கும் குன்றுக்கும் இடையில் ஒரு பிளவு இருப்பதைக் கண்டார். விடை கொசுவின் இனத்தில் இருந்தது. சமவெளியில் நோயைப் பரப்பிய அனோபிலஸ் அம்ப்ரோசஸ் காட்டு நிழலில் தேங்கிய நீரில் முட்டையிடுவது. நிழலையும் தேக்கத்தையும் நீக்கினால் அதற்கு வாழ்விடம் இல்லை. குன்றுப்பகுதியின் அனோபிலஸ் மாகுலேட்டஸ் வெயில் படும் தெளிந்த ஓடைகளை நாடுவது. காட்டை வெட்டி ஓடைகளுக்கு வெயிலைத் திறந்துவிட்டவர்கள் அதற்கு வீடு கட்டித் தந்தவர்களானார்கள். மண்ணுக்கடியில் குழாய் பதித்து ஓடைநீரை மறைவாக ஓடச்செய்வதும், நீர்ப்பரப்பில் எண்ணெய் தெளிப்பதும் குன்றுகளுக்கான தீர்வுகளாக உருவாவதற்கு மேலும் பல ஆண்டுகள் ஆயின.

இங்கே கவனிக்கத் தக்கது, கைவிடப்பட்ட பழைய கொள்கையின் நிலை. மண்ணைக் கிளறினால் காய்ச்சல் வரும் என்ற அனுபவம் குன்றுப்பகுதியைப் பொறுத்தவரை பொய்யன்று. அதற்குச் சொல்லப்பட்ட காரணமே பொய். கொசுக் கொள்கையோ உண்மை. ஆனால் ஓரிடத்தில் பலித்த முறை எல்லா இடத்திலும் பலிக்கும் என்று அந்த உண்மையிலிருந்து இறங்கிய முடிவு உயிர்களைப் பலிகொண்டது. கண்டவற்றிலிருந்து காணாதவற்றுக்குத் தாவும் இந்த நடையை ஏரணநூலார் தொகுத்தறிதல் என்பர். நேற்றுவரை நிகழ்ந்தது நாளையும் நிகழும் என்பதற்கு அறிவளவில் உறுதியான அடிப்படை எதுவும் இல்லை என்று 18ஆம் நூற்றாண்டிலேயே டேவிட் ஹியூம் வாதிட்டார். குன்றுத் தோட்டங்களின் தொழிலாளர்கள் அந்த வாதத்தின் விலையைத் தம் உடலால் கொடுத்தனர்.

பெரிபெரியின் வரலாறு இதைவிடச் சிக்கலானது. இந்த நோயையும் மலேரியாவையும் ஆராய்வதற்கென்றே 1900-இல் கோலாலம்பூரில் ஓர் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. இன்றைய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அதன் தொடர்ச்சியே. அதன் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட், புடு சிறைக் கைதிகளை ஆராய்ந்து, பெரிபெரி வாய்வழி புகும் கிருமியால் வருவது என்று முடிவுகட்டினார். பாஸ்டரும் கோக்கும் நோய்க்கிருமிகளைக் கண்டுபிடித்துக் குவித்த காலம் அது. எந்த நோய்க்கும் உடலுக்குள் புகுந்த ஏதோ ஒன்றே காரணமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் மருத்துவக் கல்வியோடு ஊறியிருந்தது. உடலில் இல்லாத ஒன்று நோயைத் தரக்கூடும் என்பதை நினைத்துப் பார்க்கவே அன்றைய மருத்துவ மொழியில் இடம் குறைவு.

நெகிரி செம்பிலான் அரசு மருத்துவர் வில்லியம் பிராடன் வேறொரு தடயத்தைப் பற்றினார். ஆலையில் தீட்டிய வெள்ளையரிசி உண்ட சீனத் தொழிலாளர்களிடம் பெரிபெரி மிகுந்திருந்தது. ஒரே நாட்டில், ஒரே வெயிலில், அதைவிட மோசமான கூலிக்கு உழைத்த தமிழர்களிடம் அரிதாகவே காணப்பட்டது. தமிழர்கள் உண்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி. நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திய பின்பே குத்தும் இந்த முறையில், தவிட்டிலும் முளையிலும் உள்ள சத்தின் ஒரு பகுதி அரிசியின் உட்பகுதிக்குள் இறங்கிவிடுகிறது. அதன்பின் எவ்வளவு தீட்டினாலும் கழுவினாலும் அது முழுதும் போய்விடுவதில்லை. இது பிற்காலம் கண்டறிந்த விளக்கம். பச்சரிசி பழசாகும்போது அதில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்பதே பிராடனின் கருத்து. 1907-இல் வெளியான அவருடைய நூல் அதையே நிலைநாட்ட முயன்றது.

அந்நூல் வெளிவருவதற்கு முன்பே, கோலாலம்பூர் மாவட்ட மருத்துவர் வில்லியம் பிளெட்சர் பிராடனின் கருத்தைச் சோதிக்கத் தேர்ந்தெடுத்த இடம் நகரின் மனநோய் இல்லம். 1905-ஆம் ஆண்டின் இறுதியில் அங்கிருந்தோர் வரிசையாக நிறுத்தப்பட்டு எண்ணிடப்பட்டனர். ஒற்றை எண் பெற்றவர்கள் முற்றத்தின் கிழக்குப் பக்கத்து விடுதியில் வைக்கப்பட்டு வழக்கமான சயாம் வெள்ளையரிசியே பெற்றனர். இரட்டை எண்ணினர் மேற்கு விடுதியில் இந்தியப் புழுங்கலரிசி பெற்றனர். மற்ற உணவில் வேறுபாடில்லை. புதிதாக வந்தவர்களும் மாறிமாறி இரு பக்கமும் சேர்க்கப்பட்டனர். விடுதியின் சுவரிலோ தரையிலோ தொற்று ஒட்டியிருக்கலாம் என்ற ஐயத்தைத் தீர்க்க, ஆண்டின் நடுவில் இரு குழுவினரும் இடம் மாற்றப்பட்டனர். 1906 முடிவில், வெள்ளையரிசி உண்ட 120 பேரில் 30-க்கும் மேற்பட்டோர் பெரிபெரிக்கு ஆளாகி 18 பேர் இறந்திருந்தனர்; புழுங்கலரிசி உண்ட 123 பேரில் நோய் கண்டிருந்த இருவரும் வரும்போதே அந்நோயோடு வந்தவர்கள். எவரும் பெரிபெரியால் இறக்கவில்லை.

இவ்வளவு கூர்மையான சான்றைக் கையில் வைத்துக்கொண்டு பிளெட்சர் செய்த காரியமே இந்த வரலாற்றில் மிக உயர்ந்தது. வெள்ளையரிசி காரணம் என்று அவர் சொன்னார். எப்படிக் காரணம் என்பதற்கு மூன்று வழிகளைத் திறந்தே வைத்தார். அரிசியில் நஞ்சு இருக்கலாம். தேவையான சத்து குறைந்திருக்கலாம். அல்லது சத்துக்குறைவால் தளர்ந்த உடலை ஒரு கிருமி தாக்கலாம். அந்த 18 மரணங்கள் மூன்றுக்கும் சமமாகவே சாட்சி சொல்லின. சான்று கொள்கையை முழுதாகத் தீர்மானிப்பதில்லை என்று பின்னாளில் அறிவியல் தத்துவவாதிகள் வகுத்துச்சொன்ன நிலை இதுவே. அதன்பின் ஹென்றி பிரேசரும் ஆம்புரோஸ் ஸ்டான்டனும் நெகிரி செம்பிலான் காட்டுக்குள் சாலை போட்ட சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் சோதனையைத் தொடர்ந்து, கோழிகளிடமும் ஆய்ந்து, தவிட்டோடு போகும் ஒரு பொருளின் இன்மையே நோய் என்பதை 1909 முதல் நிறுவிக்காட்டினர். 1912-இல் காசிமிர் பங்க் அத்தகைய பொருள்களுக்கு வைட்டமின் என்று பெயரிட்டார். பெரிபெரியைத் தடுக்கும் பொருள் 1926-இல் படாவியாவில் படிகமாகப் பிரிக்கப்பட்டது. தயமின் என இன்று அழைக்கப்படுவது அதுவே.

தமிழ்த் தொழிலாளர்களைக் காத்தது தயமின் என்பது அவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு உணவு தந்த தோட்டத் துரைகளுக்கும் தெரியாது. காரணம் அறியாத வழக்கம் ஒரு தலைமுறையைப் பெரிபெரியிலிருந்து காப்பாற்றியது, காரணம் அறிந்த கொள்கை குன்றுத் தோட்டங்களில் தவறியது என்ற இரண்டையும் சேர்த்தே எண்ண வேண்டும். இதைக் கொண்டு முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுவது சரியாகாது. வழக்கம் தன் எல்லையைத் தானே அறியாது. அதே தொழிலாளர்கள் மலேரியாவாலும் வயிற்றுக்கடுப்பாலும் ஆயிரக்கணக்கில் மாண்டனர்.

இனி இரண்டாவது சிக்கல். பிளெட்சரின் சோதனை ஒரு மனநோய் இல்லத்தில் நடந்தது என்பதை மருத்துவ வரலாறுகள் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. மனம் பிறழ்ந்தவர்கள் என்று அடைக்கப்பட்டவர்கள் அவர்கள். அந்தப் பிறழ்வு என்ன என்பது அங்கிருந்த எந்த மருத்துவருக்கும் விளங்கவில்லை. உணவும் உறைவிடமும் ஒரே கட்டுப்பாட்டில் இருந்ததால் அரிசியை ஆராய அவர்கள் வசதியாக அமைந்தனர். சம்மதம் பெற வேண்டும் என்ற நெறி மருத்துவ ஆய்வில் வேரூன்றாத காலம் அது. மனத்தை அறிய எழுந்த இல்லம் மனத்தைப் பற்றி ஒன்றும் அறியாமலே உடலின் ஒரு பெரிய புதிரை விடுவித்தது. காப்பார்த் தோட்டங்களின் நிலையும் இதுவே: குழந்தைகளின் வயிற்றைத் தொட்டு மண்ணீரலை அளக்க முடிந்தது, குளிர் கண்டு நடுங்கியவருக்கு அந்த நடுக்கம் எப்படி இருந்தது என்பதற்கு அட்டவணையில் பத்தி இல்லை. அளந்தவர்களின் அக்கறைக்குறைவு இதற்கு ஒரு பகுதிக் காரணம். எஞ்சிய பகுதி அளவையின் இயல்பிலேயே இருக்கிறது. 1872-இல் லைப்சிக் நகரில் உடலியங்கியல் அறிஞர் எமில் து புவா-ரேமோன், மூளை அணுக்களின் அசைவை முழுதும் அறிந்தாலும் உணர்வு ஏன் உண்டாகிறது என்பது மனிதனுக்கு என்றும் விளங்காது என்று அறிவித்து ஐரோப்பிய அறிவியலாளரை உலுக்கினார். 1989-இல் தத்துவவாதி காலின் மெக்கின், குறை உணர்வில் இல்லை, மனித அறிவின் அமைப்பிலேயே அந்த விடைக்கு வழி அடைபட்டிருக்கலாம் என்று வாதிட்டார்.

ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் பணியாற்ற வந்து பிரிக்பீல்ட்ஸில் கந்தசுவாமி கோயிலை எழுப்பிய யாழ்ப்பாணத் தமிழர்கள் தம்மோடு கொண்டுவந்த சைவ சித்தாந்தத்தில் இந்த எல்லை முன்பே வகுக்கப்பட்டிருந்தது. புலன்களாலும் மனத்தாலும் சொல்லாலும் பெறுவது பாசஞானம். அறிகின்ற உயிர் தன்னையே அறிவாகக் கொள்வது பசுஞானம். இறைவனின் அருளால் விளங்குவது பதிஞானம். உயிர் தானாக அறியாது, அறிவித்தால் அறியும் என்பது அதன் துணிபு. அருளை ஏற்காதவரும் இதன் முதற்கூற்றை ஏற்கலாம்: எண்ணும் கருவியும் பாசஞானத்தின் பாற்பட்டவை, காண்பவனை அவை காணப்படும் பொருள்களுள் ஒன்றாகவே காட்டும்.

இந்த எல்லை அசையாமல் நிற்கவும் இல்லை. 1942-இல் சிங்கப்பூரின் சாங்கி முகாமில் ஜப்பானியரிடம் சிறைப்பட்ட பிரிட்டிஷ் மருத்துவர்கள் ஹியூ டி வார்டனரும் பெர்னார்ட் லெனாக்ஸும், வெள்ளையரிசி உண்ட கைதிகளிடம் கண் அலைவு, குழப்பம், நினைவிழப்பு ஆகியவற்றைக் கண்டனர். 52 பேரைப் பற்றிய அவர்களது குறிப்புகள் போர் முடியும்வரை மறைத்துவைக்கப்பட்டு 1947-இல் வெளியாயின. தயமின் ஊசி போட்டால் சில நாள்களில் அறிவு தெளிந்தது. உடலைத் தாக்கும் பெரிபெரியே மூளையையும் தாக்கும் என்பது இதனால் உறுதிப்பட்டது. கோலாலம்பூர் இல்லத்தில் வெள்ளையரிசி உண்டு குழம்பிப் பிதற்றியவர்களுள் சிலருடைய பிதற்றல் மனநோயால் வந்ததா, தட்டில் விழுந்த அரிசியால் வந்ததா என்று பிரித்தறியும் வழி 1906-இல் எவரிடமும் இல்லை.  தயமின் குறைந்தால் நினைவு அழிவது ஏன் என்பதை நரம்பியல் இன்று பெருமளவு விளக்குகிறது. நினைவு இருப்பவருக்கு அது ஓர் அனுபவமாக இருப்பது ஏன் என்ற கேள்வி லைப்சிக்கில் எழுப்பப்பட்ட இடத்திலேயே இருக்கிறது.