சோம்பல் மதிப்பீடு

கணினியியலில் ‘லேசி இவேல்யுவேஷன்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘சோம்பல் மதிப்பீடு’ வரும். சோம்பல் என்றால் செய்ய வேண்டியதைச் செய்யாமல் கிடப்பது. குறள் ‘மடி இன்மை’ என்று ஓர் அதிகாரமே வைத்துக் கண்டித்த குணம். இந்த முறையோ வேண்டியதை ஒன்றுவிடாமல் செய்கிறது, வேண்டாததை மட்டும் தொடுவதில்லை. மென்பொருள் மாதிரிகளுக்கு விதி எழுதும் ஓசிஎல் மொழியைப் பாருங்கள். பத்தாயிரம் ஊழியர் கொண்ட தொகுப்பில் அறுபது வயது கடந்தவர் எவரேனும் உண்டா என்று கேட்கிறோம். வழக்கமான முறை பத்தாயிரம் பேரையும் சலித்து, தேறியவர்களைப் புதுத் தொகுப்பாக அடுக்கி, அது காலியா என்று கடைசியில் பார்க்கும். இந்த முறையில், மூன்றாம் ஆள் தேறினால் அங்கேயே விடை வந்துவிடும். ஓசிஎல் கோவைகள் மாதிரியை மாற்றுவதில்லை. ஆகவே பாதியில் நிறுத்தினாலும் பிழை வராது. எத்தனை பேர் என்று கேட்டால் முழுக்க எண்ணித்தான் ஆக வேண்டும். அப்போது அது ‘சோம்பி’ இருப்பதுமில்லை.

ஆங்கிலப் பெயரே விளையாட்டாக வைத்ததுதானே, தமிழில் மட்டும் ஏன் கௌரவம் என்று கேட்கலாம். ஆனால் 1971-லேயே கணினி அறிஞர் வாட்ஸ்வொர்த் இந்த முறையைத் ‘தேவைப்படும்போது அழைத்தல்’ என்ற பொருளில்தான் குறித்தார். ‘லேசி’ 1976-இல் ஹெண்டர்சன், மோரிஸ் கட்டுரைத் தலைப்பில் வந்தது. ‘தாமத மதிப்பீடு’ என்ற மாற்றுப் பெயரும் அரைகுறை: ஒருமுறை கண்ட விடையை இந்த முறை சேமித்து, தேவையின்றி மறுபடி கணக்கிடாமல் விடுவதை அது சொல்லாது. ‘தேவைவழி மதிப்பீடு’ என்பதே பொருந்தும்.