உட்கார்ந்த உடனே தண்ணி வந்த காலம்

போன மாதம் திருச்சியில் ஒரு கல்யாணம். திரும்பி மதுரைக்கு வரும்போது ராத்திரி எட்டரை மணி இருக்கும், நாற்கரச் சாலை ஓரத்தில் ஒரு ஓட்டலில் வண்டியை நிறுத்தினோம். நான், என் மனைவி, பெரியப்பா. பெரிய ஓட்டல்தான். இருபது மேஜைக்குக் குறையாது. ஆனால் சாப்பாடு பரிமாற இரண்டே இரண்டு பேர். பாதி மேஜைகளில் முன்னால் சாப்பிட்டுப் போனவர்களின் தட்டு, சாம்பார் சிந்தின கிண்ணம், கசக்கிப் போட்ட காகிதம் எல்லாம் அப்படியே கிடந்தன. கல்லாவுக்குப் பின்னால் சுவரில் ஒரு அட்டை: ‘சப்ளையர், கிளீனர், தோசை மாஸ்டர் உடனே தேவை. உணவு, தங்குமிடம் இலவசம்.’

இருபத்தைந்து நிமிஷம் ஆகியும் தண்ணீர்கூட வரவில்லை. பக்கத்து மேஜைக்காரர் என்னைப் பார்த்துச் சொன்னார். “அந்தக் காலத்துல உட்கார்ந்த உடனே தண்ணி வந்துரும் சார். இப்ப எவன் வேலைக்கு வர்றான்?”

நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். திரும்பிப் பார்த்தால், பெரியப்பா எங்கள் மேஜையில் கிடந்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருக்கிறார். பெரிய தட்டு அடியில், சின்னக் கிண்ணங்கள் மேலே, டம்ளர்கள் ஒன்றுக்குள் ஒன்றாக. ஒரு சத்தம் வரவில்லை. அறுபது வருஷம் கழித்தும் அந்தக் கைக்கு அது மறக்கவில்லை. “அந்தக் காலத்துல தண்ணி கொண்டாந்தது யாருன்னு அவரைக் கேளுடா” என்றார் மெதுவாக.

இந்தக் குறிப்பு அந்தக் கேள்விக்கான பதில்.

ஓட்டலில் நாம் காத்திருக்கும் நேரம் அடுப்படியில்தான் தீர்மானமாகிறது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. தோசை வேக சில நிமிஷம்தான். இட்லி, பொங்கல், வடை ஏற்கெனவே தயாராக இருக்கும். நேரம் போவது மேஜையில். எழுந்து போனவரின் எச்சில் தட்டை எடுக்க வேண்டும், துடைக்க வேண்டும், இலை போடுகிற ஓட்டலானால் இலை போட வேண்டும், தண்ணீர் வைக்க வேண்டும். அதன் பிறகுதான் சப்ளையர் வந்து ‘என்ன சாப்பிடுறீங்க?’ என்று கேட்க முடியும். பழைய ஓட்டல்கள் இந்த வேலைகளைத் தனித்தனி ஆட்களுக்குப் பிரித்து வைத்திருந்தன. பலகாரத்துக்குச் சரக்கு மாஸ்டர், தோசைக்கல்லில் ஒருவர், காப்பிக்கு ஒருவர், பரிமாற சப்ளையர். மேஜை துடைக்கவும் எச்சில் எடுக்கவும் கிளீனர்.

இந்தப் பிரிவினைக்குள் சாதியும் இருந்தது. சமைப்பதும் பரிமாறுவதும் ஒரு தட்டு, எச்சில் எடுப்பது அதற்குக் கீழே இன்னொரு தட்டு. ஓட்டல் என்பது யார் சமைத்தார், யார் தொட்டார், யார் பக்கத்தில் உட்கார்ந்தார் என்ற கேள்விகளோடு பிறந்த இடம். 1957இல் திருவல்லிக்கேணியில் முரளி கபே முன்னால் பெரியார் நடத்திய ‘பிராமணாள்’ பெயர்ப்பலகை எதிர்ப்பு மறியலை எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். வாசலில் இருந்த பலகைக்கு ஒரு வரலாறு கிடைத்தது. உள்ளே மேஜை துடைத்தவனுக்கு அவ்வளவாகக் கிடைக்கவில்லை.

அந்த வேலையைச் செய்தவர்களில் ஏராளமானோர் சிறுவர்கள். பெயரே ‘பையன்’தான். ‘பையா, மேஜையைத் துடை’ என்றால் நாற்பது வயதுக்காரர்கூட ஓடி வருவார், அந்த அளவுக்கு அந்த வேலையும் அந்தச் சொல்லும் ஒட்டிப்போயிருந்தன.

பையன்கள் எங்கிருந்து வந்தார்கள்? மழை பொய்த்த ஊர்களிலிருந்து, அப்பா இல்லாத வீடுகளிலிருந்து, ஐந்து பிள்ளைகளில் மூன்றாவதாகப் பிறந்த இடத்திலிருந்து. சம்பளத்தைவிடச் சாப்பாடுதான் பெரிய காரணம். ஓட்டலில் சேர்ந்தால் வீட்டில் ஒரு வயிறு குறையும். உடுப்பிப் பக்கத்திலிருந்து மதராசுக்கும் பம்பாய்க்கும் போன பையன்களின் கதையும் இதுதான். பம்பாயில் ஓட்டல் பையன்களுக்காகவே கன்னட இரவுப் பள்ளிகள் நடந்தன. பகல் முழுக்க மேஜை, ராத்திரி பலகை. சமையலறைக் கீழ்வேலையில் தொடங்கிய கே. கிருஷ்ண ராவ், மதராசுக்கு வந்து 1938இல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் திறந்தார். கிளீனர், சப்ளையர், மாஸ்டர், முதலாளி என்று ஏணி ஏறிய இந்தக் கதையை ஓட்டல்காரர்கள் ஆசையாகச் சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் ஏணியின் உச்சியில் ஒருவர் நிற்கத்தான் இடம் இருக்கும். கீழ்ப்படியிலேயே கை புண்ணாகி நின்றவர்கள் எத்தனை பேர் என்று எந்த ஓட்டல் வரலாறும் எண்ணியதில்லை.

பெரியப்பா கீழ்ப்படிக்காரர். ராமநாதபுரம் பக்கம் எங்கள் ஊர். தாத்தா இறந்தபோது பெரியப்பாவுக்குப் பதினோரு வயது. ஊரில் ஐந்தாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம். 1961இல் ஒரு சொந்தக்காரர் கூட்டிக்கொண்டு போய் மதுரையில் ஒரு ஓட்டலில் விட்டார். அதை நான் சில வருஷங்களுக்கு முன்பே ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். இந்த முறை வீட்டுக்கு வந்ததும் எடுத்துப் படித்தேன்.

“காலையில நாலரைக்கு எந்திரிக்கணும். ராத்திரி கடைசி ஆட்டம் சினிமா விட்டு வர்ற கூட்டம் போனப்புறம்தான் படுக்கை. அதே மேஜை மேலதான் படுப்போம், கீழ தண்ணி ஊத்திக் கழுவி விட்டிருப்பாகல்ல. வெரல் இடுக்கெல்லாம் எந்நேரமும் தண்ணியில ஊறி வெந்து போயிரும். மஞ்சளையும் எண்ணெயையும் குழைச்சுத் தடவுவாரு சரக்கு மாஸ்டர், நல்ல மனுசன். சம்பளத்தை மொதலாளியே ஊருக்கு மணியார்டர் பண்ணிருவாரு. எங்கையில காசுன்னு எதுவும் வராது.”

அதே நோட்டில் இன்னொரு பத்தி. அப்போது எழுதும்போது வேடிக்கையாக இருந்தது.

“வருசத்துக்கு ஒரு தடவை ரெண்டு தடவை லேபர் இன்ஸ்பெக்டர் வருவாரு. வர்றாருன்னு மொதல்நாளே தெரிஞ்சிரும். எங்க எட்டுப் பேருக்கும் சினிமாவுக்குக் காசு குடுத்து அனுப்பிருவாக. அன்னைக்கு மட்டும் மேஜையெல்லாம் அப்படியே கிடக்கும். சாப்பிட வந்தவுக கத்துவாகளாம், என்னய்யா ஓட்டல் நடத்துறீகன்னு. வந்து கேட்டா எங்களுக்குச் சிரிப்பா இருக்கும்.”

இந்த முறை படித்தபோது சிரிப்பு வரவில்லை. எட்டுச் சிறுவர்கள் ஒரு மத்தியானம் சினிமா பார்க்கப் போனால் அந்த ஓட்டல், அன்று ராத்திரி நாங்கள் உட்கார்ந்திருந்த ஓட்டலாகிவிடுகிறது. நாம் ‘அந்தக் காலத்து வேகம்’ என்று சொல்வது அந்த எட்டுப் பேரைத்தான்.

சட்டம் இல்லாமல் இது நடக்கவில்லை. மதராஸ் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இலேயே வந்துவிட்டது. உணவு விடுதிகளும் அதில் அடக்கம். குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்று அதில் இருந்தது. 1958இல் உணவு நிறுவனங்களுக்கென்றே தனியாக ஒரு சட்டம் போட்டார்கள். அதாவது பெரியப்பா வேலைக்குச் சேர்ந்தபோது காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது.

பிறகு 1986இல் குழந்தைத் தொழிலாளர் (தடுப்பு மற்றும் ஒழுங்குமுறை) சட்டம் நாடு முழுமைக்கும் வந்தது. அதன் பட்டியலைப் படித்தால் ஒரு விஷயம் உறுத்தும். பீடி சுற்றுதல், தீப்பெட்டி, பட்டாசு, கம்பளம் நெய்தல் இவற்றில் பதினான்கு வயதுக்குக் கீழே யாரும் கூடாது. ரயில் நிலையச் சிற்றுண்டி நிலையத்தில் பிளாட்பாரம் விட்டு பிளாட்பாரம் போகிற வேலையும், ஓடுகிற ரயிலில் ஏறி இறங்குகிற வேலையும் கூடாது. ஆனால் அதே நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஓட்டல் பட்டியலில் இல்லை. அங்கே ஒழுங்குமுறை மட்டும்: ஒரு நாளில் ஆறு மணி நேரத்துக்கு மேல் கூடாது, இரவு ஏழு மணியிலிருந்து காலை எட்டு மணி வரை கூடாது. ஓட்டல் தெரிந்தவர்கள் யோசித்துப் பாருங்கள். காலை எட்டுக்கு முன்னால்தான் டிபன் கூட்டம், ராத்திரி ஏழுக்கு மேல்தான் சாப்பாட்டுக் கூட்டம். அந்த விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தால் எந்த ஓட்டலுக்கும் பையன் தேவையே பட்டிருக்காது.

உணவகம், டீக்கடை, தாபா, தங்கும் விடுதி, வீட்டு வேலை இவையெல்லாம் தடைப்பட்டியலில் சேர்ந்தது 2006 அக்டோபர் 10 முதல்தான். இருபது வருஷம். சிவகாசியின் தீப்பெட்டி ஆலைக்குள் நாம் யாரும் போனதில்லை, ஆனால் அதைப் பற்றிக் கோபப்பட்டோம். ஓட்டல் பையனைத் தினமும் பார்த்தோம். எனக்கே பத்து வயது இருக்கும், அப்பாவோடு ஓட்டலுக்குப் போனால் என் வயதுப் பையன் வந்து மேஜை துடைப்பான். ஈரத்துணி வரும்போது நான் கையைத் தூக்கிக்கொள்வேன். அவன் முகம் ஒன்றுகூட நினைவில் இல்லை. துணியின் வாடை நினைவிருக்கிறது.

பையன்கள் குறைந்ததற்குச் சட்டம் ஒரு காரணம் மட்டுமே. என் கணக்கில் அதைவிடப் பெரிய காரணம் சோறு. சோற்றுக்காகத்தானே வந்தார்கள்? 1956 வாக்கில் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவு, 1982 ஜூலை 1 முதல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாகப் பெரிதாயிற்று. அவரே பசிக்காகச் சிறுவயதில் நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். ஓட்டல் முதலாளி கொடுத்த அதே சோற்றைப் பள்ளிக்கூடம் கொடுக்க ஆரம்பித்ததும், பிள்ளையை ஓட்டலில் விட வேண்டிய கட்டாயம் வீட்டுக்கு வீடு தளர்ந்தது. குடும்பங்களும் சிறுத்தன. 2021-22 கணக்கில் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், நாட்டின் சராசரி 28.4. மேஜை துடைத்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அந்த 47இல் இருக்கிறார்கள். எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

ஆள் குறைந்தபோது ஓட்டல்கள் இரண்டு வழி கண்டன. ஒன்று, வேலையையே குறைப்பது. 1983இல் பெங்களூரு ஜெயநகரில் தொடங்கிய தர்ஷினி முறை அப்படிப்பட்டது. டோக்கன் வாங்கு, நீயே எடுத்துக்கொள், நின்றுகொண்டே சாப்பிடு, தட்டை நீயே கொண்டுபோய்ப் போடு. நம் ஊர்களிலும் ‘செல்ப் சர்வீஸ்’ பகுதிகள் வந்தன. இன்னொன்று, தூரத்துப் பசியைக் கூட்டிவருவது. பீகார், ஒடிசா, அசாம், மேற்கு வங்கம் என்று ரயில் ரயிலாக வந்தார்கள். முன்பு ராமநாதபுரம் செய்த வேலையை அவர்களின் ஊர்கள் செய்தன.

அந்த ஏற்பாடு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை இரண்டு தடவை பார்த்தோம். 2020 மார்ச் 25இல் ஊரடங்கு. மே 1 முதல் சிறப்பு ரயில்கள் ஓடியதும் கிடைத்த ரயிலில் ஏறிப் போனார்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. ஹோலிக்குப் போகிறவர்களோடு பயந்து போனவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பொய் என்று காவல்துறை சொல்லிக்கொண்டேயிருந்தது, அரசு உறுதி கொடுத்தது, பீகாரிலிருந்து குழு வந்து பார்த்துவிட்டுப் போனது. நமக்கு எரிச்சலூட்டிய தாமதம் அவர்களுக்கு உயிர்ப்பயம்.

“ஆள் கிடைக்கலை” என்று முதலாளிகள் சொல்வது உண்மைதான். ஆனால் அது பாதி வாக்கியம். இந்தச் சம்பளத்துக்கு, பன்னிரண்டு மணி நேரத்துக்கு, மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் படுக்க ஆள் கிடைக்கவில்லை என்பதே முழு வாக்கியம். இன்னொரு பாதியைச் சொல்ல வேண்டியவர்கள் நாம். இட்லி விலை ஐந்து ரூபாய் ஏறினால் கத்துகிறோம், இருபது நிமிஷம் காத்திருந்தாலும் கத்துகிறோம். இரண்டுக்கும் கத்தாமல் இருந்த காலத்தில் அந்த வித்தியாசத்தைப் பதினோரு வயதுப் பிள்ளை ஒன்று தன் விரலிடுக்கில் கட்டிக்கொண்டிருந்தது. முதலாளிகளில் பலர் கடனில் ஓடுகிறார்கள் என்பதும் தெரியும். விலையையும் கூலியையும் சேர்த்துப் பேசாமல் இது தீராது.

அன்று ராத்திரிக்கு வருகிறேன். நாற்பது நிமிஷம் கழித்து ஒரு இளைஞர் வந்தார். இருபத்திரண்டு வயது இருக்கலாம், ஒடிசாக்காரர். அடுக்கி வைத்திருந்த தட்டுகளைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றார். பெரியப்பாவைப் பார்த்து, “சாரி தாத்தா, ரெண்டு ஆள்தான்” என்றார் தமிழில். பெரியப்பா அவர் கையைத்தான் பார்த்தார், விரலிடுக்கை. பிறகு, “பரவாயில்லப்பா, நீ மொள்ள வா” என்றார்.

பக்கத்து மேஜைக்காரர் அதற்குள் எழுந்து போய்விட்டிருந்தார். சாப்பிட்டு முடித்ததும் என் தட்டை நானே பெரியப்பா தட்டின்மேல் வைத்தேன். அவர் அதை எடுத்து, கிண்ணத்தை வெளியே வைத்து, திரும்ப ஒழுங்காக அடுக்கினார். “இப்படி வச்சா எடுக்கையில சரிஞ்சிரும்டா” என்றார்.