தகடூர் நாட்டுத் திருப்பணிகள்

காவேரிப்பட்டினம் என்றவுடன் கவுந்தியடிகள் வாழ்ந்த பூம்புகாரே தமிழ்ச் சமணர் நெஞ்சில் தோன்றும். கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டினம் வேறு. அது கடற்கரையில் அன்று, தென்பெண்ணை ஆற்றங்கரையில் அமைந்த ஊர். எனினும் அவ்வூரை அடுத்த தகடூர் நாட்டுக்கும் அருகன் நெறிக்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொடர்பு உண்டு.

இப்பகுதியின் வரலாறு என்றால் கோட்டைகளையும் போர்களையும் கூறுவதே வழக்கம். மைசூர்ப் பீடபூமியிலிருந்து தமிழகச் சமவெளிக்கு இறங்கும் வழியில் இருந்தமையால், பாராமகால் எனப்பட்ட இந்நிலம் பல படையெடுப்புகளைக் கண்டது. 1767இல் ஆங்கிலக் கும்பினியார் காவேரிப்பட்டினத்தைக் கைப்பற்றினர்; அதே ஆண்டில் ஐதர் அலி அதனை மீட்டார். 1792இல் ஏற்பட்ட சீரங்கப்பட்டின உடன்படிக்கையால் பாராமகால் கும்பினியார் வசமாயிற்று. அலெக்சாண்டர் ரீடும் அவர்தம் உதவியாளர் தாமஸ் மன்றோவும் இங்கு நிலங்களை அளந்து வரி வகுத்தனர். கிருஷ்ணகிரி, இராயக்கோட்டை மலைக்கோட்டைகள் அப்போர்க்காலத்தின் சான்றுகளாக இன்றும் நிற்கின்றன.

கும்பினியார் காலத்திற்கு 900 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த அறச்செயல் ஒன்றைக் கல்வெட்டு கூறுகிறது. காவேரிப்பட்டினத்திற்குத் தெற்கே உள்ள தருமபுரியே பண்டைத் தகடூர். அங்குள்ள கி.பி. 893ஆம் ஆண்டுக் கன்னடக் கல்வெட்டு நொளம்ப மன்னன் மகேந்திரன் காலத்தது. நிதியண்ணன், சண்டியண்ணன் என்னும் வணிகக் குடிச் சகோதரர் இருவர் தகடூரில் ஒரு ஜைனப் பஸதியைக் கட்டினர். நிதியண்ணன் மன்னனிடம் மூலபள்ளி என்னும் ஊரைப் பெற்று, அதனை மூலசங்கத்துக் கனகசேன சித்தாந்த படாரரிடம் ஒப்புவித்தான். பஸதியின் வழிபாட்டிற்கும் பழுதுபார்க்கும் பணிக்கும் அக்கொடை உரியதாயிற்று. கட்டியதோடு நில்லாது, பின்னாளில் நேரும் பழுதையும் முன்னரே எண்ணிய பெருமை அவ்வணிகனுக்கு உரியது.

தகடூர் அதியமான் மரபினரும் இவ்வழியே நின்றனர். போளூரை அடுத்த திருமலையில், முன்னோனாகிய எழினி செய்வித்த இயக்கன், இயக்கி திருவுருவங்களை விடுகாதழகிய பெருமாள் என்னும் அதியமான் சீர்செய்து மலைமேல் எழுந்தருளச் செய்தான். சேகண்டி ஒன்றை அளித்துக் கால்வாயும் அமைத்தான். அங்குள்ள கல்வெட்டு இதனைக் கூறுகிறது. தன் பெயரில் புதிய திருவுருவம் செய்யும் வளம் இருந்தும் பழையதைப் பேணிய அவன், எழினியின் பெயரையும் உடன் பொறிக்கச் செய்தான்.

இவ்விரு சான்றுகளும் நமக்கு ஒன்றையே உணர்த்துகின்றன: ஆலயம் எழுப்புவது அறம், எழுப்பியதைக் காப்பதும் அதற்கு நிகரான அறம். நிதியண்ணனின் கொடையை இன்று நமக்கு அறிவிப்பது அந்தக் கல்லே. நம் ஊர்களின் ஜினாலயங்களில் திருப்பணி நடைபெறும்போது இதனை மறத்தல் ஆகாது. கல்வெட்டின் மீது எண்ணெய் வண்ணம் பூசுவதும், சிமெண்டால் மூடுவதும், மணல் வீசித் தேய்ப்பதும் எழுத்துகளை அழிக்கும். எழுத்து அழிந்தால் கொடை அளித்தோரின் பெயரும் உடன் அழியும். பணி தொடங்கும் முன் கல்வெட்டுகளைப் படமெடுத்து, தொல்லியல் துறையினருக்குத் தெரிவித்து, அவர்தம் அறிவுரைப்படி நடத்தல் வேண்டும். முன்னோர் பெயரைக் காத்த அதியமானின் நாட்டு வரலாற்றை அறிந்த நாம், நம் முன்னோர் எழுத்தைக் காப்பது நீங்காக் கடமையாகும்.