கோட்டை மெட்டும் மணலியும்

1745 செப்டம்பரில் லண்டன் டிரூரி லேன் நாடக அரங்கில் ஓர் அரச வாழ்த்துப் பாடினார்கள். அரியணை தங்கள் குடும்பத்துக்கே உரியதென்று ஸ்டூவர்ட் இளவரசர் ஒருவர் ஸ்காட்லாந்தில் படை திரட்டி, அரசரின் சேனையைத் தோற்கடித்திருந்த நேரம். கிலியில் பாடிய வாழ்த்து ஊருக்குப் பிடித்துப்போனது. பட்டாளத்து பேண்டு அதை எடுத்துக்கொண்டது. பட்டாளம் போன இடமெல்லாம் மெட்டும் போனது. அப்படித்தான் சென்னைப்பட்டினத்துக் கோட்டைக்கும் வந்து சேர்ந்தது.

கோட்டைக்குள் முழங்கியதை வெளியே கொண்டுவந்தவர்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளர்களான துபாஷிகள். மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் கவர்னர் பிகட்டின் துபாஷி. திருவாரூரிலிருந்து இசைவாணர் ராமசுவாமி தீட்சிதரைக் குடும்பத்தோடு வடசென்னை மணலிக்கு அழைத்து ஆதரித்தவரும் அவர்தான். மகன் வேங்கடகிருஷ்ண முதலியாருக்கும் கம்பெனியாரோடு நல்ல பழக்கம். தீட்சிதரின் பிள்ளைகளைக் கோட்டைக்குக் கூட்டிப்போய் வெள்ளைக்காரர் சங்கீதத்தைக் கேட்க வைத்தது அவர் வேலை. இளைய பிள்ளை பாலுசுவாமிக்கு வயலின் மீது ஆசை வந்துவிட்டது. ஐரோப்பியர் ஒருவரிடம் மூன்று ஆண்டு கற்றார். இன்று வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரி அபூர்வம். அதன் தொடக்கத்தில் மணலிக்குப் பெரிய பங்கு உண்டு என்பதை எத்தனை ரசிகர்கள் அறிவார்கள்?

மூத்தவர் முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) மெட்டுகளைக் காதில் ஏற்றிக்கொண்டார். அரச வாழ்த்தின் மெட்டு அவர் கையில் 'சந்ததம் பாஹிமாம்' ஆனது. சமஸ்கிருத வரிகள்; பாட்டுடைத் தலைவி சங்கீத சியாமளை. லண்டன் அரசருக்கு அதில் இடமே இல்லை. இப்படி 39 உருப்படிகள் கிடைத்திருக்கின்றன. நோட்டுஸ்வர சாகித்யம் என்று பெயர். எல்லாம் சங்கராபரணத்தின் சுரங்களில் போகும். கமகம் கிடையாது, சுரம் நேராக நிற்கும். அசைத்து அசைத்துப் பாடும் மரபில் ஊறியவர், அசையாத சுரத்துக்கு நெடில் பார்த்துச் சொல் போட்டிருக்கிறார்.

எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது வேறொன்று. 'பிரிட்டிஷ் கிரெனடியர்ஸ்' என்பது குண்டெறி வீரர்களின் நடைப்பாட்டு. அதன் மெட்டைத் தீட்சிதர் முருகனுக்குக் கொடுத்தார். தேவசேனாபதிக்குப் பட்டாள மெட்டு! தற்செயல் என்று சொல்ல மனம் வரவில்லை. அயர்லாந்து மெட்டொன்று மீனாட்சிக்குப் போனது, பிரெஞ்சு நடன மெட்டொன்று கணபதிக்கு. காஞ்சி ஏகாம்பரரும் இந்த வரிசையில் உண்டு. ஆக, மணலியை விட்டுக் காசிக்குப் போய்த் திரும்பி, கோயில் கோயிலாக நடந்த மனிதரின் நினைவில் இந்த மெட்டுகள் வெகுகாலம் கூடவே இருந்திருக்க வேண்டும்.

அச்சுக்கு வந்தது 1905இல். பாலுசுவாமியின் பேரனும் சுவீகாரப் புத்திரருமான சுப்பராம தீட்சிதர், எட்டயபுரத்திலிருந்து வெளியிட்ட பாலபாடப் புத்தகத்தில் 33 உருப்படிகளைச் சேர்த்தார். அதனால் ஒரு நன்மை, ஒரு தீமை. பிள்ளைகள் கற்றார்கள்; பெரியவர்கள் பிள்ளைப் பாட்டு என்று ஒதுக்கினார்கள். ('இங்கிலீஷ் நோட்டு' என்று மதுரை மணி ஐயர் பாடிக் கைதட்டல் வாங்கியது ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரின் உருப்படி. இரண்டையும் போட்டுக் குழப்புகிறவர்கள் உண்டு.)

2008 அக்டோபரில் அமெரிக்காவில் வாழும் கண்ணிக்ஸ் கண்ணிகேஸ்வரன் 39 உருப்படிகளையும் அங்குள்ள நம் பிள்ளைகளைப் பாட வைத்து 'விஸ்மயா' என்ற குறுந்தகடாக வெளியிட்டார். கப்பலேறி வந்த மெட்டுகள் சமஸ்கிருதம் பேசிக்கொண்டு மறுபடி கடல் தாண்டின.

மணலியில் இப்போது எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது, உர ஆலை இருக்கிறது, இடைவிடாமல் லாரி போகிறது. வடசென்னைப் பாட்டு என்றதும் கானாவை மட்டும் எழுதுகிறார்கள். கானாவுக்கு அந்தப் பெருமை தகும். இந்தப் பக்கத்தையும் சேர்த்து எழுதலாம். பக்கத்துத் திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் மீதும் தீட்சிதர் ஆரபியில் பாடியிருக்கிறார். மார்கழியில் சபாக்கள் மயிலாப்பூரையும் தி.நகரையும் சுற்றுவது போதும். ஒரு மாலையாவது திருவொற்றியூரில் இந்த 39ஐயும் மணலிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்துப் பாட வையுங்கள்.