பத்தியம் மறந்த மருந்து

நாட்டு வைத்தியரிடம் மருந்து பெறச் சென்ற நம் பாட்டிமார், மருந்துப் பொட்டலத்தைக் கையில் வாங்கியதும் கேட்ட முதற்கேள்வி, "பத்தியம் உண்டா?" என்பதே. புளி தள்ள வேண்டுமா, மீன் ஆகுமா, கத்தரிக்காய் கூடாதா என்பனவற்றையெல்லாம் கேட்டறிந்த பின்னரே அவர்கள் வீடு திரும்புவர். மேலை மருத்துவம் தன் மாத்திரைகளோடு நம் ஊர்களுக்கு வந்து சேர்ந்தபோது அக்கேள்வி மெல்ல மறைந்தது. "இதற்குப் பத்தியம் ஒன்றுமில்லை" என்று சொல்ல முடிந்ததே புதிய மருந்துக்கு ஒரு பெருமையாகவும் ஆயிற்று.

ஆயினும் அப்புதிய மருத்துவமும் ஒரு காலக்கட்டத்தில், "நேற்றிரவு என்ன உண்டீர்கள்?" என்று தன் நோயாளிகளைக் கேட்கக் கற்றுக்கொள்ள நேர்ந்தது. அக்கேள்வியை அதற்குக் கற்பித்ததில் பெரிய ஆய்வுக்கூடங்களுக்கு இருந்த பங்கைவிட எளியவர்களின் பங்கே பெரிது. ஒரு மருந்தாளுநர், அவர்தம் மனைவி, கட்டிலருகே நின்ற செவிலியர், மீன் உண்ட ஏழை நோயாளிகள் ஆகியோரே அந்த ஆசிரியர்கள். நம் குடும்பங்கள் பலவற்றில் ஏதேனும் ஒரு மாத்திரைப் பட்டை இல்லாத நாளில்லை என்னும் இக்காலத்தில் அவ்வரலாற்றை நினைவுகூர்வது பயனுடையது என எண்ணுகிறேன்.

நடனமாடிய நோயாளிகள்

இவ்வரலாறு காசநோய் மருத்துவத்தில் தொடங்குகிறது. 1940களில் கண்டறியப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின், அந்நோயைத் தாக்கி அடக்கிய முதல் வலிமையான மருந்து. சாவின் வாயிலிலிருந்து பலரை மீட்ட அம்மருந்து, அவர்களுள் சிலருடைய காதுகளில் இடையறாத இரைச்சலையும், நடையில் தள்ளாட்டத்தையும், சிலருக்குச் செவிட்டுத்தன்மையையும் விட்டுச்சென்றது. ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1948இல் ஸ்காட்லாந்து மருத்துவமனை ஒன்றில் அம்மருந்தை ஏற்றபோது, தோல் உரிந்து, வாய் புண்ணாகி, முடி உதிர்ந்து, இறுதியில் அதைக் கைவிட வேண்டியதாயிற்று. நோயை வெல்லும் மருந்துக்கும் ஒரு விலை உண்டு என்பதை மருத்துவ உலகம் கண்கூடாகக் கண்ட காலம் அது.

1952ஆம் ஆண்டில் ஐசோனியசிட் என்னும் மாத்திரை வந்தது. 1912இலேயே பிராகா நகரில் இரு வேதியியலார் அப்பொருளை உருவாக்கியிருந்தனர்; எனினும் அதன் ஆற்றலை அறியாமல் உலகம் நாற்பது ஆண்டுகள் கழித்தது. நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் தீவிலிருந்த சீ வியூ மருத்துவமனையில், பிழைக்கமாட்டார் எனக் கருதப்பட்டவர்களுக்கு அம்மாத்திரையும், அதன் உடன்பிறப்பைப் போன்ற ஐப்ரோனியசிட்டும் கொடுக்கப்பட்டன. அங்கே நோயாளரைப் பேணியவர்களுள் பெரும்பாலோர் கறுப்பினச் செவிலியர். தொற்றுக்கு அஞ்சி வெள்ளையினச் செவிலியர் விலகிச் சென்ற அம்மருத்துவமனையில், 1929 முதல் அவ்விடங்களை நிரப்பியவர்கள் அவர்களே. வேளைதோறும் மாத்திரை கொடுத்து, காய்ச்சலும் எடையும் பசியும் குறித்து, கட்டிலோடு கிடந்தவர்கள் எழுந்தமர்வதை முதலில் கண்டவர்களும் அவர்களே.

அம்மாற்றம் வெறும் உடல்நலமாக மட்டும் நிற்கவில்லை. நோயாளிகள் கூடத்தில் நடனமாடுவதைக் காட்டிய நிழற்படங்கள் நாளிதழ்களில் வெளிவந்தன. ஐப்ரோனியசிட் உண்டவர்களிடம் அளவுக்கு மீறிய உற்சாகமும் பசியும் காணப்பட்டன. காசநோய் மருத்துவர்களுக்கு இது ஒரு பக்கவிளைவு. நச்சுத்தன்மை மிகுந்த அம்மருந்தை விட்டு அவர்கள் ஐசோனியசிட்டையே தேர்ந்துகொண்டனர். மனநல மருத்துவர்களுக்கோ அதே பக்கவிளைவு ஒரு வாசலைத் திறந்தது. உடலிலுள்ள மோனோஅமீன் ஆக்சிடேஸ் என்னும் நொதியை ஐப்ரோனியசிட் முடக்குகிறது என்பதும் 1952இலேயே கண்டறியப்பட்டது. 1957இல் நேதன் கிளைன் முதலானோர் மனச்சோர்வுக்கு அதனைப் பரிந்துரைத்தனர். மனச்சோர்வுக்கென வழங்கப்பட்ட முதல் மருந்துகளுள் ஒன்று இவ்வாறு காசநோயாளர் கூடத்திலிருந்து பிறந்தது. ஈரலைத் தாக்கி மஞ்சள் காமாலையை விளைவித்ததால் 1961இல் அது அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அதே நொதியை முடக்கும் வேறு மாத்திரைகள் அதன் இடத்தைப் பிடித்தன.

பாலாடைக்கட்டியும் தலைவலியும்

அவற்றுள் ஒன்று டிரானில்சைப்ரமின். அதனை உண்டோருள் சிலருக்குத் திடீரென மண்டையைப் பிளக்கும் தலைவலி கண்டது; இரத்த அழுத்தம் ஏறியது; மூளையில் இரத்தம் கசிந்து இறந்தோரும் உண்டு. காரணம் எவருக்கும் விளங்கவில்லை. மற்ற நாள்களில் ஒன்றும் செய்யாத மாத்திரை ஒரு நாள் மட்டும் ஏன் கொல்ல வேண்டும்?

இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையின் இளம் மருத்துவர் பாரி பிளாக்வெல், இதுபற்றி மருத்துவ இதழ் ஒன்றில் மடல் எழுதினார். அதைப் படித்த நாட்டிங்காம் நகர மருந்தாளுநர் ரோ என்பவர் அவருக்குக் கடிதம் எழுதினார். அம்மாத்திரையை உண்டுவந்த தம் மனைவிக்கு இரண்டு முறை அத்தகைய தலைவலி வந்தது என்றும், இருமுறையும் அவர் பாலாடைக்கட்டி உண்டிருந்தார் என்றும், வெண்ணெயும் பாலும் அவ்வாறு செய்யவில்லை என்றும், இவ்விரண்டுக்கும் தொடர்பு இருக்கக்கூடுமோ என்றும் அவர் வினவியிருந்தார்.

கடிதத்தைக் கண்டவர்கள் நகைத்தனர். அந்நாட்டில் அன்றாடம் பலரும் உண்ணும் உணவு அல்லவா அது? பிளாக்வெல் தாமே சில நாள் மாத்திரை உண்டு பாலாடைக்கட்டியும் உண்டு பார்த்தார், ஒன்றும் நேரவில்லை. அத்தோடு அவர் அதை மறந்திருக்கலாம். ஆனால் பாதிக்கப்பட்டவர்கள் முன்னதாக என்ன உண்டார்கள் என்று கேட்கத் தலைப்பட்டபோது, பாலாடைக்கட்டி மீண்டும் மீண்டும் எதிர்ப்பட்டது. 1963இல் லான்செட் இதழில் அவர் தம் முடிவை வெளியிட்டார்.

விளக்கம் எளியது. பாலாடைக்கட்டி முற்றும்போது நுண்ணுயிர்கள் அதில் டைரமின் என்னும் பொருளை உண்டாக்குகின்றன. அப்பெயரே 'பாலாடைக்கட்டி' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. குடலிலும் ஈரலிலும் உள்ள நொதி அதை உடனே சிதைத்துவிடுவதால் நமக்குத் தீங்கில்லை. நொதியை மாத்திரை முடக்கிவிட்டாலோ, டைரமின் தடையின்றி இரத்தத்தில் கலந்து அழுத்தத்தை ஏற்றிவிடுகிறது. நெடுநாள் முதிராத புதுக்கட்டியில் அது மிகக் குறைவு. பிளாக்வெல் உண்ட நாளில் ஒன்றும் நேராததும், வேறொருவர் உண்ட நாளில் உயிர் போனதும் இத்தகைய வேறுபாடுகளால் விளைந்தவையே. 1964இல் அமெரிக்காவில் அம்மாத்திரை விற்பனையிலிருந்து விலக்கப்பட்டு, எச்சரிக்கையோடு மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஈஸ்ட் சாறு, ஊறவைத்த மீன், கருவாடு போன்ற விலக்க வேண்டிய உணவுகளின் பட்டியலும் உருவாயிற்று. புதிய மருத்துவத்துக்கும் பத்தியம் வந்து சேர்ந்தது.

உணவோடு மட்டுமன்றி, மருந்தோடு மருந்து மோதுவதும் இக்காலத்தில் உணரப்பட்டது. 1984இல் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் லிபி ஜியோன் என்னும் பதினெட்டு வயதுப் பெண் இறந்தார். அதே நொதியை முடக்கும் பினெல்சின் என்னும் மருந்தை உண்டுவந்த அவருக்குப் பெத்திடின் ஊசியும் போடப்பட்டிருந்தது. மரணத்தின் காரணம் பற்றி வழக்காடல் நீண்டது. ஆனால் அவர்தம் தந்தையின் போராட்டத்தால், ஓய்வின்றி உழைக்கும் பயிற்சி மருத்துவர்களின் பணிநேரத்தை அம்மாநிலம் 1989இல் வரையறுத்தது.

சேத்துப்பட்டும் வெலிசறையும்

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் நிறுவப்பட்டது. மருத்துவமனையில் தங்கி, நல்லுணவும் ஓய்வும் பெற்றவர்களைப் போலவே, குடிசையில் வாழ்ந்து மாத்திரை உண்டவர்களும் குணமடைந்தனர் என்பதை அம்மையத்தின் ஆய்வு 1959இல் உலகுக்கு அறிவித்தது. காசநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றிய செய்தி அது. கைகால்கள் மரத்துப்போதல் என்னும் ஐசோனியசிட்டின் பக்கவிளைவையும், மிகச் சிறிய அளவு பிரிடாக்சின், அதாவது பி6 வைட்டமின், தடுக்கும் என்பதை அம்மையத்தார் 1960களில் ஆய்ந்து காட்டினர்.

ஆனால் நோயாளி வீட்டுக்குத் திரும்பியதும் அவர் தட்டு செவிலியரின் பார்வையிலிருந்து மறைந்தது. அதன் விளைவு இலங்கையில் தெரியவந்தது. வெலிசறை மார்பு நோய் மருத்துவமனையின் மருத்துவர் உரகொட, சூரை இனத்து மீன் உண்ட காசநோயாளர் சிலருக்கு முகம் சிவத்தல், தலைவலி, நெஞ்சு படபடப்பு, அரிப்பு, வாந்தி முதலியன ஏற்படுவதைக் கண்டு, 1977இல் கொட்டேகொடவுடன் இணைந்து அதனை வெளியிட்டார். பனிக்கட்டியில் வைக்கப்படாத அத்தகைய மீனில் நுண்ணுயிர்கள் ஹிஸ்டமின் என்னும் பொருளை உண்டாக்குகின்றன. சமைப்பதால் அது அழிவதில்லை. அதைச் சிதைக்கும் உடலின் நொதியை ஐசோனியசிட் தடுக்கிறது. நாட்டிங்காமின் பாலாடைக்கட்டிக்கும் நம் கடற்கரையின் மீன்குழம்புக்கும் இடையே உள்ள உறவு இது.

இதனை நான் அறியாதிருந்த நாள்களில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் ஒப்பவில்லை. கடலோரப் பங்கு ஒன்றில் பணியாற்றியபோது, வலை பின்னும் ஒருவர் காசநோய்க்கு மாத்திரை உண்டுவந்தார். ஓரிரவு முகம் சிவந்து, தலை வெடிப்பதுபோல் ஆனதும், "மாத்திரை விஷம்" என்று வீட்டார் முடிவு செய்து அதை நிறுத்திவிட்டனர். சில வாரம் கழித்து அவரைச் சந்தித்த நான், பொறுமையோடு இருக்கும்படி ஆறுதல் கூறித் திரும்பினேன். மாத்திரை உண்கிறீரா என்று கேட்கவில்லை. அது மருத்துவர்களின் கேள்வி, என்னுடையதன்று என்று எண்ணிவிட்டேன்.

நான்கு மாதம் கடந்து, புதிதாக வந்த கிராம சுகாதாரச் செவிலியர் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, "அண்ணே, அன்னைக்கு ராத்திரி என்ன குழம்பு? மீன் எப்போ வாங்கினது?" என்று கேட்டார். விலைபோகாமல் பகல் முழுதும் மணலில் கிடந்த சூரை அது என்பது தெரியவந்தது. மாத்திரை மீண்டும் தொடங்கிற்று, அவர் குணமடைந்தார். ஆனால் அந்நான்கு மாதங்களில் அவருடைய மூத்த மகளுக்கும் இருமல் கண்டிருந்தது. செவிலியர் கேட்ட அந்த இரு கேள்விகளை நான் கேட்டிருந்தால் என்று இன்றும் எண்ணுவதுண்டு.

கேட்பதும் சொல்வதும்

இன்று செவிலியர் கல்வியில் மருந்தின் பக்கவிளைவுகளும் மோதல்களும் தனிப்பாடமாகக் கற்பிக்கப்படுகின்றன. ஐசோனியசிட், வலிப்பு நோய்க்கான பெனிட்டாயினை உடலில் தேங்கச் செய்து மயக்கத்தையும் தள்ளாட்டத்தையும் விளைவிக்கக்கூடும். சிறுநீரைச் செந்நிறமாக்கும் ரிபாம்பிசினோ, இதற்கு மாறாக, இரத்தம் உறையாதிருக்க உண்ணும் வார்ஃபரினையும், நீரிழிவு மாத்திரைகள் சிலவற்றையும் ஈரல் விரைந்து வெளியேற்றும்படி செய்து, அவற்றின் பயனைக் குறைத்துவிடும். மது, ஈரலின் சுமையை இரட்டிப்பாக்கும். 2010இல் இந்திய அரசு மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. மருத்துவர் மட்டுமன்றிச் செவிலியரும் நோயாளியும்கூடப் பக்கவிளைவுகளை அதற்குத் தெரிவிக்கலாம்.

ஆனால் திட்டங்கள் எத்தனை இருப்பினும், அறிவு தொடங்கும் இடம் ஒன்றே. தன் மனைவியின் தலைவலியையும் அன்றைய உணவையும் இணைத்துப் பார்த்தவர் ஒரு கணவர். நகைப்புக்கு இடமான அக்கடிதத்தை எறிந்துவிடாமல் வைத்திருந்தவர் ஒரு மருத்துவர். இவ்விருவரில் ஒருவர் தவறியிருந்தாலும் பலர் இறந்திருப்பர். நம் இல்லங்களிலோ முதியவர் தலைசுற்றுகிறது என்றால் "வயதானால் அப்படித்தான்" என்கிறோம்; மூன்று மருத்துவர் எழுதிய மூன்று சீட்டுகளை ஒருவரிடமும் ஒன்றாகக் காட்டுவதில்லை; நாட்டு மருந்தும் உண்பதை மருத்துவரிடம் மறைக்கிறோம். பக்கவிளைவு கண்டதும் மாத்திரையைத் தாமே நிறுத்துவது ஒரு தவறு. அதைச் சொல்லாமல் சகித்துக்கொள்வது மற்றொரு தவறு. உடனே சென்று சொல்வதே வழி.

நோயாளியைக் காணச் செல்லும்போது பழமும் ரொட்டியும் கொண்டுசெல்வது நம் வழக்கம். அவற்றோடு ஒரு கேள்வியையும் கொண்டுசெல்வோம்: "மாத்திரை சாப்பிட்ட பிறகு உடம்பு எப்படி இருக்கிறது?" பதில் வரும்வரை அருகில் அமர்ந்திருப்போம். என் பாட்டி வைத்தியர் வீட்டுத் திண்ணையில் கேட்ட கேள்வியின் மறுபாதி அது.