கப்பல் எட்டாத மலை: சேர்வராயன் பகுதியும் இலவச அறுவைச் சிகிச்சையின் பயணமும்

அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற மருத்துவக் கப்பல் ஒன்று, மருத்துவர் வில்லியம் வால்ஷின் முயற்சியால் 'ஹோப்' என்ற பெயர் பெற்று 1960இல் இந்தோனேசியாவுக்குப் புறப்பட்டது. 1968-69இல் கொழும்பிலும் அது நங்கூரமிட்டது. சென்ற இடமெல்லாம் அறுவைச் சிகிச்சையோடு உள்ளூர் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பயிற்சி அளித்ததே அதன் தனிச்சிறப்பு. 1978இல் தொடங்கிய 'மெர்சி ஷிப்ஸ்' இன்றும் ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் அப்பணியைச் செய்துவருகிறது. ஆனால், எவ்வளவு பெரிய கப்பலானாலும் துறைமுகத்தோடு நின்றுவிடும். அதற்கப்பால் மலையில் இருப்பவர்தான் இறங்கி வரவேண்டும்.

இந்தியாவில் அந்த எண்ணம் தண்டவாளம் ஏறியது. 1991இல் இம்பாக்ட் இந்தியா அறக்கட்டளையும் ரயில்வேயும் இணைந்து தொடங்கிய 'லைஃப்லைன் எக்ஸ்பிரஸ்' ஓடும் மருத்துவமனையாயிற்று. ஆனால் சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டுக்கு ரயிலும் கிடையாது. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறவேண்டும். மலையாளிப் பழங்குடியினரின் ஊர்களுக்கு அதற்கு மேலும் நடையோ சிற்றுந்தோ தேவை.

கண் சிகிச்சையில், அறுவையை நோயாளியிடம் கொண்டுபோவதை விட்டு நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுவந்து, தமிழகம் திசையையே மாற்றிக்கொண்டது என்பது என் வாதம். முன்பெல்லாம் கண் முகாம் என்றால் பள்ளிக்கூடத்திலோ சத்திரத்திலோ அறுவை நடக்கும். மருத்துவர் போன பிறகு கண்ணில் சீழ் வைத்தால் கேட்பாரில்லை. அரசுப் பணியில் இருந்தபோதே முகாம்கள் நடத்திய மருத்துவர் கோ. வெங்கடசாமி, ஓய்வுபெற்று 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் கத்தி பிடித்தவர் அவர். அவர் வளர்த்த முறையில் ஊரில் பரிசோதனை மட்டுமே. கண்புரை முற்றியவர்களைப் பேருந்தில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்துப் போவார்கள். எந்தக் கண் என்பது தவறிவிடாதிருக்க, அறுவைக்குரிய கண்ணின் மேல் நெற்றியில் சிறு பிளாஸ்திரி ஒட்டுவார்கள். சாப்பாடு, தங்கல், திரும்பும் பயணம் எல்லாம் இலவசம்.

ஆனாலும் எல்லோரும் வந்துவிடவில்லை. தமிழகக் கிராமங்களில் நடந்து 1999இல் வெளியான ஓர் ஆய்வு, கண் பிரச்சினை உள்ளவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் 7 விழுக்காட்டுக்கும் குறைவு என்று கண்டது. பயம், கூலி இழப்பு, துணைக்கு ஆளின்மை ஆகியவை கட்டணம் இல்லாதபோதும் தடையாக நின்றன. சேர்வராயனில் இது இன்னும் கூர்மையாகும். நவம்பர் முதல் காப்பிப் பழம் பறிக்கும் பருவம். அப்போது முகாம் வைத்தால் துணைக்கு வரவேண்டிய மகள் தோட்டத்தில் இருப்பாள்.

இதற்கு இரண்டு விடைகள் உருவாயின. 2004 முதல் அரவிந்த், சிறு ஊர்களில் நிரந்தரப் பார்வை மையங்களை அமைத்து, தொலைத்தொடர்பு வழியே மருத்துவரை நோயாளியோடு பேசவைத்தது. சங்கர நேத்ராலயா, சென்னை ஐ.ஐ.டி. பொறியாளர்களின் துணையோடு இரண்டு பேருந்துகளை இணைத்து நடமாடும் அறுவை அரங்கை அமைத்தது: ஒன்றில் நோயாளியைத் தயார்செய்வார்கள், மற்றதில் அறுவை. கப்பலுக்கு மிக நெருங்கிய தமிழ்நாட்டு வடிவம் இதுவே.

மலைக்கு எது பொருந்தும்? கொண்டை ஊசி வளைவுகளில் இரட்டைப் பேருந்தை ஏற்றுவதைவிட, சேலம் அரசு மருத்துவமனைக்கோ அரவிந்தின் சேலம் கிளைக்கோ நோயாளியை இறக்குவதே பாதுகாப்பு என்று நான் கருதுகிறேன். ஆனால் துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலியையும் செலவுக் கணக்கில் சேர்க்கவேண்டும். அறுவைக்கு ஒரு மாதம் கழித்து நடக்கும் மறுபரிசோதனையை ஏற்காடு அரசு மருத்துவமனையிலேயே வைக்கவேண்டும். பறிப்புப் பருவத்துக்கு முன்பே முகாமை முடித்துவிடவேண்டும்.