மூலக்கூற்றின் அதிர்வும் விஞ்ஞானியின் பொறுப்பும்

1915 ஆம் ஆண்டு ஏப்ரில் 22 ஆம் நாள் மாலை, பெல்ஜியத்தின் ஈப்பர் நகரை அடுத்த போர்முனையில், ஜெர்மானியப் படையினர் குளோரீன் வாயுவைத் திறந்துவிட்டனர். காற்றோடு ஊர்ந்து வந்த அப் பசுமஞ்சள் முகில், பதுங்கு குழிகளிற் கிடந்த பிரெஞ்சு வீரரையும், பிரான்சு தனது அல்ஜீரியக் குடியேற்ற நாட்டிலிருந்து கொண்டுவந்து நிறுத்தியிருந்த வீரரையும் மூச்சுத் திணறச் செய்து கொன்றது. அடுத்த நாட்களிற் கனடிய வீரரும் அதற்கு இரையாயினர். இந்த நச்சுப் போரை முன்னின்று நெறிப்படுத்தியவர் பிரிட்ஸ் ஹாபர் என்னும் இரசாயன அறிஞர். பேர்லினில் இயங்கிய கைசர் வில்லெம் பௌதிக இரசாயன நிறுவனத்தின் தலைவர்.

நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1958 இல், கனடாவின் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் அதே குளோரீன் ஒரு கண்ணாடிக் கலத்தினுள் மெல்லச் செலுத்தப்பட்டது. அதனை ஐதரசன் அணுக்கள் தாக்கியபோது பிறந்த, மனிதக் கண்ணுக்குப் புலப்படாத ஒளியை இருவர் பதிவு செய்தனர். ஒருவர் கெனத் கஷன் என்னும் மாணவர். மற்றவர் அவருடைய ஆசிரியர் ஜோன் பொலான்யி. இந்த ஜோனின் தந்தை மைக்கல் பொலான்யி, ஹாபரின் நிறுவனத்திலேயே 1923 முதல் பத்தாண்டு காலம் ஆராய்ச்சி செய்தவர். ஒரே பொருள், ஒரே ஆய்வு மரபு. பயன்களோ வேறு. இவ்வேறுபாட்டை உண்டாக்கியது விஞ்ஞானமா, அல்லது அதற்குப் புறத்தேயுள்ள ஏதேனுமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

ஜோன் பொலான்யி 1929 இற் பேர்லினிற் பிறந்தார். தந்தை புடாபெஸ்ற் நகரிற் பிறந்த யூதர். 1933 இல் ஹிட்லர் ஆட்சியைக் கைப்பற்றியதும் யூத அறிஞர்கள் பதவிகளினின்றும் விரட்டப்பட்டனர். மைக்கல் பதவி துறந்து இங்கிலாந்தின் மான்செஸ்ரர் பல்கலைக்கழகத்தை அடைந்தார். ஜெர்மனிக்காக நச்சு வாயுவைப் படைக்கலமாக்கிய ஹாபரும் யூத குலத்திற் பிறந்தவரே. அவரும் அதே ஆண்டில் நாட்டை நீங்கி, 1934 ஜனவரியிற் சுவிற்சர்லாந்தில் மாண்டார். அரசின் படைக்கலனாகத் தன்னை ஒப்புக்கொடுக்கும் விஞ்ஞானியை அவ்வரசே தூக்கியெறியும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மைக்கலின் உடன்பிறந்தாரான கார்ல் பொலான்யி, சந்தைப் பொருளாதாரத்தின் கொடுமையை வரலாற்று நோக்கில் ஆராய்ந்து 1944 இல் 'மாபெரும் நிலைமாற்றம்' என்னும் நூலை வெளியிட்ட சோஷலிச சிந்தனையாளர். மைக்கலோ அதற்கு மாறான திசையிற் சென்றவர். விஞ்ஞானத்தைச் சமுதாயம் திட்டமிட்டு நடத்தவேண்டும் என்று 1939 இல் நூலெழுதிய மார்க்ஸிய விஞ்ஞானி ஜே. டி. பேர்ணலை அவர் கடுமையாக எதிர்த்தார். விஞ்ஞானம் தன்னைத் தானே ஆளும் குடியரசு என்று வாதாடினார். இவ்விரு கொள்கைகளும் மோதிய குடும்பச் சூழலிலேதான் ஜோன் வளர்ந்தார்.

இனி, அவர் எடுத்துக்கொண்ட ஆய்வுப் பொருளை நோக்குவோம். இரு பொருள்கள் தாக்கமுற்று மூன்றாவது பொருள் உண்டாகின்றது என்று பாடசாலையிற் படிக்கின்றோம். தொடக்கமும் முடிவும் நமக்குத் தெரியும். இடையில் நிகழ்வது யாது? தாக்கம் நிகழ்வதற்கு மூலக்கூறுகள் ஒரு சத்தித் தடையைக் கடக்கவேண்டும் என்ற கருத்தை 1889 இல் அரீனியஸ் நிலைநாட்டினார். 1931 இல் ஹென்றி அயரிங்கும் மைக்கல் பொலான்யியும் அத்தடையை ஒரு மலைக் கணவாயைப் போல வரைந்து காட்டினர். ஆயினும் அது பெரும்பாலும் கணிப்பே. கணவாயைக் கடக்கும் மூலக்கூற்றைக் கண்டவர் எவருமிலர்.

1952 இல் மான்செஸ்ரரில் கலாநிதிப் பட்டம் பெற்ற ஜோன், ஒட்டாவாவிலுள்ள தேசிய ஆராய்ச்சி மன்றத்துக்குச் சென்றார். அங்கே, நாஸி ஜெர்மனியிலிருந்து வெளியேறிய இன்னொரு அறிஞரான கேர்ஹாட் ஹேர்ஸ்பேர்க்கின் ஆய்வுகூடத்திற் சில காலம் பயின்றார். மூலக்கூறு வெளியிடும் ஒளியைக்கொண்டு அதன் அதிர்வையும் சுழற்சியையும் அளக்கும் கலையில் ஹேர்ஸ்பேர்க் நிகரற்றவர். பின்னர் அமெரிக்காவின் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில், ஐதரசன் அணுவும் ஓசோனும் தாக்கமுறும்போது தோன்றும் ஒளியை ஆராய்வோரை ஜோன் சந்தித்தார். இவ்விரு அனுபவங்களும் இணைந்தே 1956 இல் அவர் ரொறன்ரோவிற் பணியேற்றபின் தொடங்கிய ஆய்வுக்கு வித்தாயின.

அவ்வாய்வின் அடிப்படை எளியது. ஐதரசன் அணு குளோரீன் மூலக்கூற்றைத் தாக்கி ஐதரசன் குளோரைட்டு மூலக்கூறு பிறக்கும்போது, அது பிறந்த அதிர்ச்சியிலேயே நடுங்கிக்கொண்டு பிறக்கின்றது. அதன் இரு அணுக்களும் வில்லினாற் பிணைத்த இரு குண்டுகளைப் போல, ஒரு செக்கனில் ஏறத்தாழ 86 இலட்சங் கோடி முறை நெருங்கியும் விலகியும் அதிர்கின்றன. அவ்வதிர்வு தணியும்போது செந்நிறக்கீழ்க் கதிர் வெளிப்படும். அக்கதிரை அலகலகாகப் பிரித்து அளந்தால், தாக்கத்தில் விடுபட்ட சத்தியில் எவ்வளவு அதிர்வாகவும் எவ்வளவு சுழற்சியாகவும் பங்கிடப்பட்டது என்று அறியலாம். ஆனால் புதிய மூலக்கூறு அயல் மூலக்கூறுகளோடு மோதினால் இச்சத்தி சிதறிவிடும். எனவே அமுக்கத்தை மிகக் குறைத்து, மோதல்களை அருகச் செய்து அளக்க வேண்டியிருந்தது. புளோரீன் அணுவும் ஐதரசனும் சேரும் தாக்கத்தில், விடுபடும் சத்தியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அதிர்வாகவே வெளிப்படுகின்றது என்பது இவ்வழியிற் கண்ட முடிபுகளுள் ஒன்று.

இதனைத் தொடர்ந்து, 1960 களிற் கணிப்பொறியின் துணையோடு அணுக்களின் பாதைகளைக் கணித்து, பொலான்யி ஒரு விதியை வகுத்தார். கணவாய் பாதையின் தொடக்கத்தில் இருக்குமாயின் நேராக விரைந்து வரும் மூலக்கூறு அதனை எளிதிற் கடக்கும். வளைவுக்கு அப்பால் இருக்குமாயின் நேர் வேகம் வீணாகும். மூலக்கூறு பக்கவாட்டில் அதிர்ந்துகொண்டு வந்தாற்றான் வளைவிலே திரும்பி அப்புறம் போகமுடியும். எவ்வளவு சத்தி என்பது மட்டுமன்று, எவ்வகைச் சத்தி என்பதும் தாக்கத்தை நிர்ணயிக்கின்றது. இவ்வாய்வுகளுக்காக, மூலக்கூற்றுக் கற்றைகளை ஒன்றையொன்று வெட்டச் செய்து தாக்கங்களை ஆராய்ந்த டட்லி ஹேர்ஷ்பாக், தாய்வானிற் பிறந்த யுவான் லீ ஆகியோருடன் 1986 இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இனி மையமான பிரச்சினைக்கு வருவோம். பிறக்கும் மூலக்கூறுகளுட் பல உயர்ந்த அதிர்வு நிலையிலேயே பிறக்கின்றன எனின், அவற்றைக்கொண்டு லேசர்க் கதிரை உண்டாக்கலாமல்லவா? முதல் லேசர் தோன்றிய 1960 ஆம் ஆண்டிலேயே பொலான்யி இதனை எழுதினார். கட்டுரையை முதலிற் பெற்ற இதழ், விஞ்ஞான முக்கியத்துவம் அற்றது என்று திருப்பி அனுப்பியது. 1961 இல் அது வேறோர் இதழில் வெளிவந்தது. 1965 இல் கலிபோர்னியாவில் ஜோர்ஜ் பிமென்ரலும் ஜெரோம் காஸ்பரும் ஐதரசன் குளோரைட்டைக் கொண்டு முதலாவது இரசாயன லேசரை இயக்கிக் காட்டினர். பயனற்றது என்று கருதப்பட்ட ஆய்வு பயன் தந்தது. எவருக்கு? 1980 இல் அமெரிக்கப் படைத்துறை, தூத்தேரியமும் புளோரீனும் சேரும் தாக்கத்தினால் இயங்கும் மாபெரும் லேசர் ஒன்றை முதன்முறை இயக்கியது. பின்னர் அது றேகனின் 'நட்சத்திரப் போர்'த் திட்டத்துக்குப் பணிபுரிந்தது. 1997 இல் வானிற் சுற்றிய செய்மதியொன்றின்மீது செலுத்திப் பரீட்சிக்கப்பட்டது. கண்ணாடிக் கலத்தின் மெல்லிய ஒளி ஈப்பரின் முகிலைத் தேடிச் சென்றுவிட்டது!

மைக்கலின் கொள்கை இங்கே தடுமாறுகின்றது. விஞ்ஞானக் குடியரசுக்கு எல்லைக் காவல் கிடையாது. அதன் விளைச்சலை வலியோர் அள்ளிச் செல்வர். ஆனால் நம் பக்கத்தாரும் இதனைக் கண்டு மகிழ்ந்துவிடலாகாது. திட்டமிடும் குழுவொன்றிடம், ஐதரசன் குளோரைட்டின் நடுக்கத்தை அளக்கப் பணம் வேண்டும் என்று கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா? விஞ்ஞானத்தை அரசு ஆணையிட்டு நடத்திய சோவியத் நாட்டில் வவிலோவ் என்னும் பெரும் தாவரவியலறிஞர் 1943 இற் சிறையில் மாண்டதும், 1948 இற் பிறப்புரிமையியல் என்னும் துறையே லைசென்கோவின் கூற்றுக்குப் பலியிடப்பட்டதும் நமது வரலாற்றின் பகுதிகளே. அவற்றை மறைத்துப் பேர்ணலை மட்டும் மேற்கோள் காட்டுவது நேர்மையாகாது.

ஜோன் பொலான்யி தந்தையின் கொள்கையிற் பாதியை ஏற்றார். எதனை ஆராய்வது என்று விஞ்ஞானியே தீர்மானிக்கவேண்டும் என்று வாதாடினார். ஆனால் அவ்வுரிமைக்கு ஈடாக ஒரு கடமையையும் வரித்துக்கொண்டார். ரஸ்ஸலும் ஐன்ஸ்ரைனும் 1955 இல் விடுத்த அறைகூவலின் பயனாக, 1957 இற் கனடாவின் பக்வொஷ் என்னும் சிற்றூரிற் கூடிய விஞ்ஞானிகள் அணு ஆயுதத்துக்கெதிரான இயக்கமொன்றைத் தொடங்கினர். 1960 இல் அதன் கனடியக் குழு அமைந்தபோது முதற் தலைவராகி, 1978 வரை அப்பொறுப்பைச் சுமந்தவர் பொலான்யி. லேசர் பற்றி அவர் எழுதியதும் இக்குழுவை அமைத்ததும் ஒரே ஆண்டில் என்பது கவனத்துக்குரியது. விண்வெளியில் ஆயுதம் நிறுவும் திட்டத்தையும் அவர் வெளிப்படையாக எதிர்த்தார். இதே இயக்கத்துக்கு 2007 முதல் 2017 வரை தலைமை தாங்கியவர் இலங்கையரான ஜயந்த தனபால என்பதை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும்.

விஞ்ஞானியின் எதிர்ப்பு ஒன்றே படைக்கலத்தை நிறுத்திவிடும் என்று நாம் மயங்க வேண்டியதில்லை. அந்த லேசர் கட்டப்படவே செய்தது. அதனை நிறுத்த வல்லது விழிப்புற்ற மக்களின் ஒன்றுபட்ட வலிமையே. ஆனால் மக்கள் விழிப்புறுவதற்கு, அறிந்தவன் வாய் திறக்கவேண்டும். நம் வகுப்பறைகளில் இரசாயனச் சமன்பாட்டை எழுதிக் காட்டும் ஆசிரியர், அம்புக்குறியின் இடப்புறத்தையும் வலப்புறத்தையும் மட்டும் சமப்படுத்திவிட்டு அமைகின்றார். அம்புக்குறியின் நடுவே என்ன நிகழ்கின்றது என்று கேட்டவர் பொலான்யி. வலப்புறத்தில் விளைந்தது எவர் கைக்குப் போகின்றது என்று கேட்டவரும் அவரே. இவ்விரு வினாக்களையும் ஒருங்கே கேட்கப் பழகும் மாணவனே நாளைய விஞ்ஞானியாகத் தகுந்தவன்.